முந்நூறு நாட் தூரம்

நாட் என்பது வேகம். தூரம் அல்ல. கப்பல் ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அதன் வேகம் ஒரு நாட். கடல் மைல்தான் தூரம். நம் தரை மைலைவிடச் சற்று நீளம். செல்போன் வைத்திருக்கும் யாரும் இதைத் தேடி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கணக்கு டீச்சரான எனக்கு அன்றைக்கே இது தெரியும். தெரிந்திருந்தும், சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஒரு வீட்டில், நாட் என்றால் தூரம்தான் என்று வாதாடி ஜெயித்தேன். அன்றைக்குத் தோற்றிருந்தால் எனக்கு ஒரு நல்ல சிநேகிதி மிச்சமிருந்திருப்பாள்.

நான் ஜவ்வாது மலைக்காரி. கடலை ஒரே ஒரு முறை கல்லூரிச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். அலை என் செருப்பை இழுத்துக்கொண்டு போனதுதான் ஞாபகம். மலைமேலேயே ஒரு விடுதிப் பள்ளியில் வேலை, அங்கேயே குடியிருப்பு. ஊர் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அப்பா போன பிறகு அம்மா மட்டும் அங்கே சாமை விதைத்துக்கொண்டு, புளி உலுக்கிக்கொண்டு இருந்தாள். எனக்கு ஒரே தம்பி. பன்னிரண்டாவது முடித்ததும் கப்பல் வேலைக்குப் பயிற்சி என்று ஒரு துறைமுக ஊருக்குப் போனான். பயிற்சி முடிந்து கப்பலில் சேர்ந்துவிட்டான் என்று அம்மா சொன்ன நாளில் ஊரே எங்கள் வாசலில் நின்றது. எங்கள் ஊரில் ஓடம்கூட யாரும் தள்ளியது கிடையாது.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். பின்னால் கப்பலின் சங்கு கேட்கும். சில வாரம் பேசவே மாட்டான். கேட்டால், நடுக்கடலில் சிக்னல் இல்லை என்பான். சிக்னல் இல்லை என்று சொன்னால் நம்பாத ஆள் எங்கள் மலையில் கிடையாது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் உடனே கணக்குச் சொல்வான். கொழும்புக்கு இன்னும் இருநூறு நாட் இருக்கிறதக்கா, இன்றைக்குக் காற்று, கடல் மைல் குறைவாகத்தான் போகிறோம் அக்கா. அம்மா அதை அப்படியே ஊருக்குள் போய்ச் சொல்வாள். “இருநூறு நாடா? நாம பக்கத்து நாட்டுக்கே ஜீப்பு இல்லாம கெடக்கறோம்!” என்று பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளப்பாள்.

ஒரு நாள் எனக்கே சந்தேகம் வந்து செல்போனில் தேடிப் பார்த்தேன். நாட் என்றால் வேகம் என்று போட்டிருந்தது. தம்பி இரண்டையும் தலைகீழாகச் சொல்கிறானே என்று யோசித்தேன். ஆனால் அந்த யோசனை ஒரு டம்ளர் காபி ஆறும்வரைகூட நிற்கவில்லை. ஏன் என்றால் அவன் பேசியது எனக்குப் பழக்கமான பேச்சு.

எங்கள் மலையில் தூரத்தை நேரத்தில்தான் சொல்வோம். “எவ்ளோ தூரம்?” என்று கேட்டால் “ரெண்டு மணி தூரம்” என்போம். அதுவும் எல்லோருக்கும் ஒரே தூரம் அல்ல. வெறுங்கையோடு போனால் இரண்டு மணி, தலையில் மூட்டை இருந்தால் மூன்று. எங்கள் ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கினால் ஒரு மணி தூரம். அதே சாலையிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறினால் இரண்டு மணி தூரம். கீழே இருந்து வரும் அதிகாரிகள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். போகும் தூரமும் வரும் தூரமும் எப்படி வேறாக இருக்கும் என்பார்கள். ஏறிப் பார்த்தால்தானே தெரியும்? அப்படி வேகமும் தூரமும் நேரமும் ஒரே உலையில் வெந்த ஊரில் பிறந்தவன் நாட் என்பதைத் தூரமாகச் சொன்னால் என் காதுக்கு அது உறுத்தவில்லை. கப்பல்காரர்களும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

இனி அந்தச் சிநேகிதி. எனக்குப் பிறகு பள்ளியில் சேர்ந்த அறிவியல் டீச்சர். அவளும் எங்கள் சனம்தான்; ஆனால் அவள் அப்பா காலத்திலேயே மலையிலிருந்து இறங்கி படவேட்டுப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறிவிட்ட குடும்பம். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். வந்த முதல் வாரமே ‘அக்கா’ என்று ஒட்டிக்கொண்டாள். சோற்று டப்பாவைத் திறந்தால் முதல் வாய் எனக்குத்தான் வைப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் விடைத்தாள் கட்டையும் சேர்த்துத் திருத்தினாள். எங்கள் வீட்டு மருமகளாக இவள் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் முதலில் ஆசை வந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்திலிருந்த சாமையைப் புடைத்து முடித்தாள். பிறகு, “நீ சொன்னா சரி. நீயே பேசு,” என்றாள். அந்த ‘நீயே பேசு’ அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

தம்பியின் படத்தைக் காட்டினேன். அவள் வெட்கப்பட்டு, “நீங்க சொல்லுங்கக்கா, எப்படிப்பட்டவரு?” என்று மட்டும் கேட்டாள். தங்கமான பையன் என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். அவன் கப்பலைப் பற்றிப் பேசுவதைவிட மலையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறான் என்று அவளே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நிச்சயத்துக்கு வெற்றிலை மாற்ற அம்மாவும் நானும் சில உறவுக்காரர்களும் படவேட்டுப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை கடலில் இருக்கிறார். இறங்கி வந்ததும் கல்யாணம். அவர்கள் வீட்டில் அன்று பேச்சு முழுவதும் அவளுடைய தாய்மாமாவின் பேச்சுதான். கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது செங்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். காபி ஆறியிருந்தால் கப்பலில் காபி எப்படி இருக்கும் என்று ஆரம்பிப்பார். மின்விசிறி ஆடினால் புயலில் கப்பல் ஆடிய கதை. இடையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. வந்த அரை மணி நேரத்தில் எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. உண்மையைச் சொல்வதில் என்ன, அவரை யாராவது ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து தம்பி கூப்பிட்டான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். பெரியவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னான்.

“இப்போ எங்க கீறீங்க தம்பி?” என்று அவள் அம்மா கேட்டார்.

“அரபிக்கடல்ல இருக்கறேங்க. கொச்சிக்கு இன்னும் முந்நூறு நாட் தூரம் இருக்குதுங்க.”

மாமா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். “முந்நூறு நாட்டா? இன்னா தம்பி, கப்பல்ல வர்றீங்களா, ஏரோப்ளேன்ல வர்றீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி “ஹலோ, ஹலோ” என்றான். சிக்னல் போய்விட்டது.

மாமா விடவில்லை. நாட் என்றால் வேகம், கடல் மைல்தான் தூரம், முந்நூறு நாட் வேகத்தில் போகிற கப்பலை இதுவரை எவனும் கட்டவில்லை என்றார். பழைய காலத்தில் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டுக் கடலில் விடுவார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணுவார்கள், அதுதான் வேகம், இங்கிலீஷில் நாட் என்றால் முடிச்சு, அதனால்தான் அந்தப் பெயர் என்று கையால் கயிறு விட்டே காட்டினார். “கப்பல்ல ஒரு நாள் இருந்தவன்கூட இதுல தப்பு பண்ண மாட்டான்,” என்று முடித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே நான் எழுந்தேன்.

“மாமா, நீங்க சொல்றது புக்குல இருக்கறது. நானும் படிச்சிருக்கறேன்,” என்றேன். “இன்னிக்குக் காலையில எங்க ஊர்லேந்து எவ்ளோ தூரம்னு கேட்டீங்க. எங்க அம்மா ‘மூணு மணி தூரம்’னு சொல்லுச்சு. மணின்னா நேரமாச்சே, தூரம் எப்படி ஆவும்னு நீங்க கேட்டீங்களா? புரிஞ்சிக்கினு தலையாட்டினீங்க இல்ல? அது மாதிரிதான். வேலை செய்யறவங்க வாயில வார்த்தை வேற மாதிரிதான் பொழங்கும்.”

“டீச்சரம்மா, மலையில பொழங்கலாம். கப்பல்ல பொழங்காது. அங்க ஒரு வார்த்தை மாறினா கப்பலே மோதிடும்.”

“நீங்க இருந்தது சண்டைக் கப்பல். அங்க அட்டென்ஷன்ல நின்னு பேசணும். அவன் இருக்கறது சரக்குக் கப்பல். பல ஊரு ஆளுங்க, பல பேச்சு. நீங்க ஓய்வு வாங்கினு எத்தனை வருஷம் ஆவுது? இன்னும் அப்படியேவா பேசிக்கினு இருப்பாங்க?”

கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவர் வாயடைத்து நிற்பதைப் பார்ப்பதில் யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவள் அப்பாவே, “மச்சான், டீச்சர்கிட்ட வச்சிக்காதே,” என்று கிண்டல் செய்தார். மாமாவின் முகம் சிவந்தது. “முடிச்சுன்னா இவங்களுக்கு நாத்தனார் போடற மூணாவது முடிச்சுதான் தெரியும். ஆவட்டும், ஆவட்டும்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மூணாவது முடிச்சைப் போடப் போகிறவள் நான்தானே. வெற்றிலை மாற்றினோம்.

இந்த வாதம் நடந்தபோதெல்லாம் அம்மா தலையைக் குனிந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் ஜீப்பில் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்ற பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். கூடை நிறைய சீத்தாப்பழத்தோடு ஒரு பெண் வந்தாள். எங்கள் பக்கத்து ஆள். சந்தைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். “எட்டு கிலோமீட்டர்,” என்றேன்.

அவள் முழித்தாள். “அது எவ்ளோ நேரம் தாயி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. மலைக்காரியிடம் மலைக்காரி கிலோமீட்டர் பேசுகிறேன். எப்போது இப்படி ஆனேன் என்று யோசித்தேன். வேலூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில் ‘ரெண்டு மணி தூரம்’ என்று சொல்லப்போய், அறையில் இருந்த பெண்கள் என்னை ‘ரெண்டு மணி’ என்றே கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் நாக்கு மாறிவிட்டது. நானாக மாற்றவில்லை. நாலு பேரோடு இருந்தால் தானாக மாறும்.

சிரிப்பு அங்கேயே நின்றது. கப்பலில் இத்தனை காலம் இருப்பவனுக்கு ஏன் மாறவில்லை? தப்பாகச் சொன்னால் கூட இருப்பவர்கள் சிரித்திருக்க மாட்டார்களா? பல ஊர் ஆட்கள், பல பேச்சு என்று நான்தானே சொன்னேன், அத்தனை பேரில் ஒருவன்கூடவா திருத்தவில்லை? அவன் பேசியது கப்பல்காரர்களின் பேச்சு அல்ல. கப்பல் வார்த்தையை எங்கேயோ பொறுக்கி வந்து, எங்கள் மலைக் கணக்கில் போட்டுப் பேசியிருக்கிறான். கப்பலில் ஒரு நாள் இருந்தவன்கூடத் தப்பு பண்ண மாட்டான் என்று மாமா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. பஸ் வந்தது, நான் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தேன். அவன் கூப்பிட்டான்.

“தம்பி, கப்பல் இப்போ இன்னா வேகத்துல போவுது?”

“பதினஞ்சு கடல் மைலுக்கா.”

“தூரத்தை எதுல சொல்லுவாங்க?”

“நாட்லதான். நீதான் அன்னிக்கு எல்லாருக்கும் வெவரமா எடுத்துச் சொன்னியாமே. அம்மா சொல்லுச்சு.”

“டேய், நீ கப்பல்ல ஏறியிருக்கறியா இல்லையா?”

பின்னால் சங்கு ஊதியது. அது உண்மையான கப்பல் சங்குதான்.

“தெனமும் ஏறுவேன்க்கா,” என்றான். “காய்கறி மூட்டையோட.”

பயிற்சிக்குச் சேர்ந்த சில நாளில் கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்களாம். சிவப்பும் பச்சையும் அவனுக்குச் சரியாகப் பிரித்துச் சொல்ல வரவில்லை. கப்பல் விளக்கு பார்க்கத் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை? ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் ஏற்றுகிற லாரியில் சேர்ந்துவிட்டான். கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணில் குறை என்றால் அவன் என்ன செய்வான்? இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

“அந்தப் பொண்ணுகிட்ட எப்போடா சொல்றதா இருந்தே?”

“கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு அம்மாதான்…” என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

மறுநாளே ஊருக்கு ஏறினேன். அம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டைத் தட்டி, கொட்டையை எடுத்து, சதையை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கை நிற்கவில்லை.

“உனக்கு எப்போலேந்து தெரியும்?”

“மொதல்லேந்தே. கண்ணு டெஸ்ட்ல தள்ளிட்டாங்கன்னு அவன் அழுதுக்கினு போன் பண்ணது எனக்குத்தான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல? அத்தனை பேரு முன்னாடி அந்த ஆளுகிட்ட சண்டை போட்டேனே, பக்கத்துல உக்காந்து பாத்துக்கினுதானே இருந்தே?”

அம்மா இன்னொரு புளியை எடுத்தாள். “உனக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சிருந்தா உன் மொகமே காட்டிக் குடுத்திருக்கும். நீ நம்பினதாலதான் அவங்க நம்பினாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்கறாங்க. நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்?”

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆயிரம் பொய்யில் ஒன்றைக்கூட அம்மா தன் வாயால் அந்த வீட்டில் சொல்லவில்லை. ‘நீயே பேசு’ என்று என் வாயை எடுத்துக்கொண்டாள். என் படிப்பு, என் டீச்சர் என்ற பெயர், எனக்குப் பொய் வராது என்கிற ஒன்று, எல்லாவற்றையும் எனக்குத் தெரியாமலேயே எடுத்துச் சபையில் வைத்துவிட்டார்கள், என்னைப் பெற்றவளும் நான் தூக்கி வளர்த்தவனும். ஜீப்பில் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டது பெருமையில் அல்ல. அது பயம். இல்லாவிட்டால் என்மேல் பாவம் பார்த்திருக்க வேண்டும். சாப்பிடச் சொன்னாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

அவளிடம் சொல்லத்தான் வேண்டும். மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். கண் பரிசோதனை, காய்கறி லாரி, அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, எல்லாம். அவள் சோற்று டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். நான் சொல்லச் சொல்ல அதை மெதுவாக மூடினாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லாரி வேலைன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன்,” என்றாள். மூடியை இன்னொரு முறை அழுத்திவிட்டுச் சொன்னாள்: “நீங்க போனப்புறம் எங்க வூட்ல பெரிய சண்டை. அந்தப் பையன் கப்பல்ல இல்ல, நான் எழுதித் தர்றேன்னு மாமா குதிச்சாரு. அப்பாகூட யோசிக்க ஆரம்பிச்சிட்டாரு. நான்தான் மாமாவை எதுத்துப் பேசினேன். பொறந்ததுலேந்து அவரை நான் எதுத்துப் பேசினதில்ல.”

“இன்னான்னு?”

“எங்க அக்காவுக்குப் பொய் சொல்ல வராது மாமா-ன்னு.”

அம்மா சொன்ன அதே வார்த்தை. எனக்கு எதுவும் தெரியாது என்று மறுபடியும் சொன்னேன். உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும் என்றாள் அவள். சாப்பிடாத டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு மணி அடிப்பதற்கு முன்பே வகுப்புக்குப் போய்விட்டாள். அந்த வாரமே அவர்கள் வீட்டிலிருந்து வெற்றிலையைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போதும் ஒரே பள்ளிதான், ஒரே அறைதான். விடைத்தாள் கட்டு கொடுக்கும்போது, கால அட்டவணை கேட்கும்போது என்னிடம் பேசத்தான் செய்கிறாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னை ‘மேடம்’ என்று கூப்பிடுகிறாள்.